வாழைமூட்டில் ஊற்றிய பங்கு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதத் தகுந்த ஆள் இல்லை. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கேரள எல்லையோரம் பாறசாலைக்கும் காரோட்டுக்கும் நடுவில் பந்தல், நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு விடுகிறேன். நாலு பேர் கூடின இடத்தில் எனக்குக் குரல் எழும்பாது. கல்யாண வீட்டில் ஏணி வேண்டுமென்றால்கூடக் கைச்சாடையில்தான் கேட்பேன். நோயைப் பற்றி எழுத டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் என்னைப்போல மகனைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கப்போகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

அங்கே நிற்கும்போது வருகிறவர் போகிறவர் எல்லோரும் உங்களிடம் ஒன்றைச் சொல்வார்கள். இந்தக் காலத்தில் எவன்தான் குடிக்காமல் இருக்கிறான் என்பார்கள். ஆறுதல் என்று நினைத்துச் சொல்வார்கள். நானும் முதலில் ஆறுதல் என்றே எடுத்துக்கொண்டேன். இப்போது அதைச் சொல்கிற வாயைப் பார்த்தாலே எனக்குக் குமட்டுகிறது.

என் மகன் சஜின் அப்போது பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம். ஓணம் விடுமுறைக்கு வீட்டில் இருந்தான். கிடங்கில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவன் சட்டென்று குந்தி உட்கார்ந்தான். மேல்வயிற்றில் வலி, அது முதுகுவரை துளைத்துப் போகிறது என்றான். முன்னால் குனிந்தால் கொஞ்சம் அடங்கியது. நிமிர்ந்தால் முகம் வெளுத்தது. வாயு என்று நினைத்தோம். என் மனைவி லதா இஞ்சியும் பூண்டும் இடித்துக் கொடுத்தாள். உள்ளே போன வேகத்தில் அது வெளியே வந்தது.

இந்த மாதிரி வலியை வாயு என்று நினைத்து வீட்டில் வைத்திருக்காதீர்கள். நாங்கள் ஒரு இரவை அப்படித்தான் வீணாக்கினோம்.

பாறசாலையில் ஊசி போட்டார்கள், கேட்கவில்லை. நெய்யாற்றின்கரையில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். லதாவின் அண்ணன் விஜயன்தான் கார் ஓட்டினான். அங்கே ஒரு பெண் டாக்டர் சஜினின் வயிற்றை அழுத்திப் பார்த்து, குடிப்பதுண்டா என்று மலையாளத்தில் கேட்டார். சஜின் என் முகத்தைப் பார்த்தான். விஜயன் முந்திக்கொண்டான். ஓணம் அல்லவா டாக்டரே, பிள்ளைகள் எல்லாரும் கொஞ்சம் குடிப்பார்கள்தானே என்று டாக்டருக்கே பாடம் எடுத்தான். எல்லாரையும் கேட்கவில்லை, இவனை மட்டும்தான் கேட்டேன் என்றார் அவர்.

நோயின் பெயர் கணைய அழற்சி (வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையம் என்ற உறுப்பு வீங்கி, செரிப்பதற்காகத் தான் சுரக்கும் நீரால் தன்னையே அரித்துக்கொள்வது). பித்தக்கல்லாலும் வரும், வேறு காரணங்களாலும் வரும். இவனுக்குக் குடியால் வந்தது. மீசை சரியாக முளைக்காத பையனுக்கு.

வாய்வழியாக ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று எழுதிப் போட்டார்கள். கையில் சொட்டு மருந்து, மூக்கில் குழாய் (வயிற்றில் சேரும் நீரை வெளியே எடுக்க). காய்ச்சல் வந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். உதடு வெடித்தது. நனைத்த பஞ்சால் துடைக்க மட்டும் விட்டார்கள். பஞ்சு உதட்டில் பட்டதும் அதை உறிஞ்சப் பார்ப்பான். உடனே எடுத்துவிடுவேன். தண்ணீருக்கு ஏங்கும் மகன் வாயிலிருந்து ஈரப்பஞ்சைப் பிடுங்குவது எப்படி என்று எந்த ஊர்வலத்திலும் யாரும் சொல்லித் தருவதில்லை.

ஊர்வலம் என்று எதற்குச் சொன்னேன் என்றால், அந்த நாட்களில்தான் அமரவிளையில் போதை எதிர்ப்பு ஊர்வலம் ஒன்று போனது. மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்துகொண்டிருந்தபோது பஸ் அதில் மாட்டிக்கொண்டது. பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி, வெள்ளைவேட்டிக்காரர் ஒருவர் மைக்கில் பேசினார். ஒரு வீடு மிச்சமில்லை, ஒரு பிள்ளை மிச்சமில்லை, தலைமுறையே போதையில் மூழ்கிவிட்டது என்றார். அவர் குரல் தழுதழுத்தது. முன்வரிசையில் நின்றவர்களில் சிலரை எனக்குத் தெரியும். பந்தல் போடப் போகும்போது, பின்பக்கம் குடிப்பதற்கு ஒரு மறைப்புக் கட்டச் சொல்கிறவர்கள் அவர்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவிலும் அதே சரக்குதான், படமாக. ஒரு கிளாஸுக்குள் மண்டையோடு. இன்றைய இளைஞர்கள் போதையின் பிடியில் என்று கீழே மலையாளத்தில் பெரிய எழுத்து. ஸ்கேனுக்கு வரிசையில் காத்திருந்தபோது சஜின் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பயப்படுகிறான், நல்லது என்று நினைத்தேன்.

"பாத்தியளா அப்பா," என்றான். "நான் மட்டும் இல்ல. எல்லாரும் ஆக்கும்."

அந்தப் படத்தை வரைந்தவருக்கு இந்தச் செய்தி போய்ச் சேரவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். மண்டையோட்டைப் பார்த்து என் மகன் பயப்படவில்லை. துணைக்கு ஆள் இருக்கிறது என்று நிம்மதிப்பட்டான்.

பார்க்க வந்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சாப்பிடக் கூடாத பையனுக்கு ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்தார்கள். கட்டில் பக்கத்தில் நின்று அதே வாக்கியத்தை ஒப்பித்தார்கள். விஜயன் அதில் நகைச்சுவையும் சேர்த்தான். "சாரமில்ல, போட்டும் மச்சான். குடிக்காத்த பயல இப்ப கல்யாணச் சந்தையிலகூட எடுக்க மாட்டாவ. ஏதோ சீக்கு உண்டும்னு நெனப்பாவ." வார்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சஜினும் சிரிக்கப் பார்த்தான், வலியில் முகம் கோணியது. விஜயன் மேல் அப்போதே சாராய வாசம் அடித்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கணையத்தில் ஒரு பகுதி செத்துவிட்டது, மிச்சத்தை வைத்து வாழலாம், ஆனால் இனிமேல் குடித்தால் அடுத்தமுறை திரும்பக் கொண்டுவருவதற்கு நான் பொறுப்பில்லை என்றார். கல்யாணத்துக்குக் கொஞ்சம் என்பதுகூட இல்லை என்றும் சேர்த்துச் சொன்னார். எங்களை அவருக்குத் தெரிந்திருந்தது.

பிறகு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார்கள். கோட்டுகாலைச் சேர்ந்த சின்னப் பெண். நான் எதிர்பார்த்தது உபதேசம். அந்தப் பெண் உபதேசமே செய்யவில்லை. நண்பர்களில் யாரெல்லாம் குடிப்பார்கள் என்று கேட்டார். எல்லாரும் என்றான் சஜின்.

"எல்லாரும்னா யாரு? பேரு சொல்லு மக்கா."

சஜின் பெயர்களைச் சொல்லச் சொல்ல, அவன் விழுங்கியதை நீ கண்ணால் கண்டாயா என்று ஒவ்வொரு பெயருக்கும் கேட்டார். சிலரைக் கண்டிருந்தான். அனீஷ் என்று அடுத்த வீட்டுப் பையன், ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டு. அவன் பெயர் வந்தபோது சஜின் தயங்கினான். கையில் கிளாஸ் இருக்கும் என்றான். கிளாஸை நான் கேட்கவில்லை என்றார் அந்தப் பெண்.

என்னிடம் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். குடிக்கிறவன் சத்தம் போடுவான், கண்ணில் படுவான். குடிக்காதவன் சும்மா இருப்பான், படமாட்டான். அதனால் உள்ளதைவிடப் பல மடங்கு பேர் குடிப்பதாகப் பையன்கள் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லாத அந்தக் கூட்டத்துக்குச் சமமாக நிற்கத்தான் தாங்களும் குடிக்கிறார்கள். தங்கள் கூட்டத்தின் உண்மை நிலவரம் தெரிந்தால் பலருக்குப் பிடி தளரும். எல்லோருக்கும் இது பலிக்காது என்றும் சொன்னார். குடி நின்றால் கை நடுங்குகிறவர்களும் வியர்க்கிறவர்களும் தாமாக நிறுத்தக் கூடாது, அவர்களுக்கு மருந்தும் ஆஸ்பத்திரியில் கிடப்பும் வேண்டும். சஜின் அந்த அளவுக்குப் போயிருக்கவில்லை.

எனக்கு இளக்காரமாகத்தான் இருந்தது. இதற்கா பட்டம் வாங்கினாள் என்று தோன்றியது. என் தொழிலில் கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் பந்தலுக்குப் பின்னால் கூட்டி வாருகிறவன் நான். சாக்குச் சாக்காகப் பாட்டில் பொறுக்கியிருக்கிறேன். எல்லையில் இந்தப் பக்கம் ஒரு அரசாங்கம் விற்கிறது, இங்கே அடைத்த நாளில் தமிழ்நாட்டில் களியக்காவிளை பக்கம் போனால் இன்னொரு அரசாங்கம் விற்கிறது. இந்த ஊர்ப் பையன்கள் குடிப்பதில்லை என்று எனக்கே சொல்ல வருகிறாளே என்று நினைத்தேன்.

விஜயனின் மகனுக்குக் கல்யாணம் வந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் கூடுவார்கள். ஆளுக்கு ஒரு பங்கு போட்டு வாங்குவார்கள். பங்கு போடாதவன் கூட்டத்தில் இல்லை. பந்தல் என்னுடையது. பின்பக்கம் வாழைத்தோட்டத்தை ஒட்டித் தார்ப்பாய் மறைப்புக் கட்ட விஜயன் சொன்னான். கட்டினேன். என் மகனைக் கொல்லப்போகிற இடத்துக்கு நானே கயிறு இழுத்துக் கட்டினேன்.

போகவேண்டாம் என்று லதா சொன்னாள். போகாவிட்டால் நான் அங்கே செத்தவன் கணக்கு அம்மா என்றான். அவனை நிறுத்த எனக்கு வாய் வரவில்லை. மறைப்பின் இந்தப் பக்கம் ஒரு ஏணியில் ஏறி, நன்றாக எரிந்துகொண்டிருந்த சீரியல் லைட்டைச் சரிசெய்வதுபோல் நின்றேன்.

உள்ளே வழக்கமான கூச்சல். யாரோ சஜினுக்கு ஊற்றுகிற சத்தம் கேட்டது.

"நம்ம சீக்குக்காரனுக்குக் கொஞ்சமா விடுலே. மருந்துபோல."

இறங்கி உள்ளே போய்விடலாமா என்று ஒரு காலைக் கீழே வைத்தேன். அப்போது சஜினின் குரல் கேட்டது.

"அனீஷே, ஒனக்க கிளாஸ இஞ்ச தா."

"என்னத்துக்குலே?"

"தாலே. ஒரு வாய்."

கொஞ்சம் இழுபறி. பிறகு சஜின் மெதுவாகச் சொன்னான். "எலே, இது வெறும் கோலால்லா."

"மிண்டாத," என்றான் அனீஷ். பேசாதே என்று அர்த்தம். அவன் கெஞ்சுவதுபோல் இருந்தது.

பிறகு வேறு ஒருவன், மாப்பிள்ளையின் சித்தப்பா மகன், சிரிக்கத் தொடங்கினான். "எனக்கதும் அதுதான் மக்கா. வருசக்கணக்கா பங்கு போடுதேன். ஊத்தித் தந்தா அந்தா அந்த வாழைமூட்டுல விட்டுருவேன். இந்தத் தோட்டத்துல அது மட்டும் நட்டமா நிக்காது, பாரு."

"அது காத்துல சாஞ்சதுலே."

"காத்தா? அதுக்கு ஈரல் போச்சு."

பெரிய சிரிப்பு. அந்தச் சிரிப்பில் இன்னும் இரண்டு மூன்று பேர் தங்கள் கிளாஸைக் கீழே வைத்தார்கள் என்று சஜின் பிறகு சொன்னான். எல்லோரும் இல்லை. நிஜமாகக் குடிக்கிறவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு அன்றைக்கு ருசி கெட்டது. அவர்கள் பாட்டிலை எடுத்துக்கொண்டு விஜயனோடு காருக்குள் போய் உட்கார்ந்தார்கள். தனியாகப் பார்க்கும்போதுதான் அவர்கள் எவ்வளவு கொஞ்சம் பேர் என்று தெரிந்தது. இத்தனை நாளும் ஊரையே ஆண்டது அந்த ஒரு கார் நிறைகிற கூட்டம்தான்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அருவருப்புத்தான் வந்தது. குடிகாரன் என்று பெயரெடுக்கக் காசு கொடுத்து, வாழையடியில் ஊற்றிவிட்டு, ஒருவனை ஒருவன் பார்த்துத் தள்ளாடி நடித்த வீரர்கள். அந்த நடிப்பை நிஜம் என்று நம்பின முட்டாள் என் மகன். இவர்களில் அவன் மட்டும்தான் விழுங்கினான். அவனுடைய கணையத்தில் செத்த பகுதி, இவர்கள் குடிக்காத சாராயத்துக்கு விலை.

என்னையும் அந்தக் கூட்டத்தில்தான் சேர்க்கவேண்டும். பாட்டிலைப் பொறுக்கி ஊரை அளந்தவன் நான். குடிக்காதவன் நான் கூட்டி வாருவதற்கு ஒன்றையும் போட்டுவிட்டுப் போவதில்லை. இத்தனை கல்யாணத்தில் ஒருமுறைகூட எனக்கு இது தோன்றவில்லை.

அனீஷ் சஜினோடு பேச்சை நிறுத்திவிட்டான். நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டான் என்று கோபம். குடிக்காதவன் என்று தெரிந்ததில் போன மானம்! அவன் அம்மாவும் லதாவிடம் முகம் கொடுப்பதில்லை.

சஜினின் உடம்பு இனி பழைய உடம்பு இல்லை. எண்ணெயில் பொரித்தது ஆகாது, சாப்பாட்டோடு மாத்திரை (கணைய நீருக்குப் பதிலாக) விழுங்கவேண்டும். பஸ் குலுங்கினால் அவன் கை தானாக மேல்வயிற்றுக்குப் போகிறது. நாங்கள் இப்போது ஓணம், கிறிஸ்துமஸ் என்று காலத்தைப் பார்ப்பதில்லை. ஒரு ஸ்கேன், அடுத்த ஸ்கேன், நடுவில் உள்ளது எங்களுடையது. நானும் மாறிவிட்டேன். கிடங்கில் அவன் நாற்காலி அடுக்கும் சத்தம் நின்றால் எட்டிப் பார்க்கிறேன். அது மறுபடி கேட்கும்வரை கையில் உள்ள வேலை ஓடாது.

கல்யாணத்துக்கு முந்தின அந்தச் சாயங்காலம் ஏணியிலிருந்து இறங்கினபோது சஜின் மறைப்பிலிருந்து வெளியே வந்தான். என்னையும் ஏணியையும் எரிகிற லைட்டையும் பார்த்தான். ஏணியின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினான்.

மறுநாள் கல்யாணம் நடந்தது. சஜின் பந்தியில் சாதம் விளம்பினான். சாயங்காலம் பந்தலை அவிழ்த்தோம். மறைப்புக்குக் கட்டிய தார்ப்பாய் நனைந்திருந்தது, காயப்போட்டோம்.