ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடிய ஃப்ரிட்ஜ்

மெக்கானிக் அக்கா என்றால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஒரு சர்வீஸ் சென்டரில் இருபத்தாறு வருடம் ஃப்ரிட்ஜ் பழுது பார்த்தவர். சம்பளத்தைவிட அவருக்கு அந்த வேலையில் பிடித்தது ஒன்று உண்டு: கதவைத் திறந்ததும் உள்ளே எட்டிப் பார்ப்பது. எந்த வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் தனித்தனித் தட்டு, எந்த வீட்டில் சர்க்கரை நோய்க்காரர் மருந்து டப்பாவுக்குப் பின்னால் இனிப்பை ஒளித்திருக்கிறார் என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவர் கணவர், “உன் கண்ணுக்கு மட்டும் எங்க கடையில வேலையே இல்ல” என்பார்.

சென்டரை மூடியபோது அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது. இரண்டு மாதம் வீட்டில் இருந்தார். மிக்ஸியைப் பிரித்துப் போட்டார், கடிகாரத்தைப் பிரித்துப் போட்டார். வாசல் அழைப்பு மணியில் அவர் கை வைத்த அன்று, கணவரே அவரை நூலகத்துக்குப் பின்னால் இருந்த கிடங்குக்கு அழைத்துப்போய் விட்டார்.

அந்தக் கிடங்கை நடத்தியது அக்கம்பக்கத்துத் தெருக்காரர்கள் சேர்ந்து வைத்திருந்த ஒரு சங்கம். பெற்றோர் இல்லாமல் விடுதிகளில் வளரும் பிள்ளைகள் பதினெட்டு வயதானதும் வெளியே வந்துவிட வேண்டும். அவர்கள் முதன்முதலாக ஓர் அறை எடுக்கும்போது கட்டில், அடுப்பு, மின்விசிறி என்று பழைய சாமான்களைச் சரிபார்த்துச் சங்கம் கொடுக்கும். செயலாளர், ஒரு பள்ளிக்கூடத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தும்மினால்கூட எழுதி வைக்கிறவர் என்பதால் ஃபைல் சார் என்று பெயர்.

அக்கா சரிசெய்து கொடுத்த ஏழாவது ஃப்ரிட்ஜ் ஒரு பெண்ணுக்குப் போயிற்று. அச்சகத்தில் புத்தகம் தைக்கிற வேலை அவளுக்கு. மாடியில் ஒற்றை அறை. பத்து நாளில் போன் வந்தது.

“அக்கா, ஃப்ரிட்ஜ் சரியா ஓடல. பால் திரிஞ்சு போகுது.”

அவளுக்கு விடுமுறை ஞாயிறு. அன்று அக்கா போனார். உள்ளே கை வைத்தால் விரல் விறைத்தது. கம்ப்ரஸர் பூனைக்குட்டி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. குறை ஒன்றும் இல்லை. ஆனால் வேறொன்று அக்காவின் கண்ணில் பட்டது. பால் பாக்கெட், இரண்டு முட்டை, அரை மூடி எலுமிச்சை, எல்லாவற்றிலும் அந்தப் பெண்ணின் பெயர் எழுதி ஒட்டியிருந்தது.

“இங்க உன்கூட வேற யாராவது இருக்காங்களா?”

“இல்லக்கா, நான் மட்டும்தான்.”

“அப்ப பேர் எதுக்கு?”

அவள் முட்டையைப் பார்த்தாள். “விடுதியில எழுதலைன்னா காணாமப் போயிடும். இங்க ஏன் எழுதுறேன்னு தெரியல” என்று சிரித்தாள்.

அடுத்த வாரமும் அதே புகார். அக்கா தெர்மோஸ்டாட்டை மாற்றினார். அதற்கடுத்த வாரமும் பால் திரிந்தது. இந்த முறை வேறொரு ஃப்ரிட்ஜையே தூக்கிக்கொண்டு போனார். அதுவும் ஞாயிறன்று ராஜா மாதிரி ஓடியது. புதன்கிழமை மறுபடி போன்.

ஃபைல் சார் அலுத்துக்கொண்டார். “அந்தப் பொண்ணு பாலை வெளிய வச்சிட்டு மறந்திருக்கும்மா. விடுங்க.”

“சார், ரெண்டு ஃப்ரிட்ஜுக்கும் ஒரே வியாதி வராது. வியாதி அந்த ரூம்ல இருக்கு. என்னன்னு தெரியாம எனக்குச் சோறு இறங்காது.”

சோறு இறங்கத்தான் செய்தது. ஆனால் சாப்பிடும்போதும் அதே யோசனை. மின்சாரம் போகிறதா? பிளக் ஆடுகிறதா? ஞாயிறு மட்டும் ஓடுகிற இயந்திரத்தை அவர் இருபத்தாறு வருடத்தில் பார்த்ததில்லை. கடைசியில் ஒரு வியாழக்கிழமை, அவள் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்பே போய்விட்டார். “நான் ஒண்ணும் செய்யமாட்டேன். நீ எப்பவும் போல கிளம்பு, நான் சும்மா பார்க்கிறேன்” என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அவள் தலை வாரினாள், பையை மாட்டினாள், செருப்பைப் போட்டாள். பிறகு சுவரோரமாக நடந்தாள். விளக்கு, டக். மின்விசிறி, டக். இஸ்திரிப் பெட்டி, டக். ஃப்ரிட்ஜ், டக்.

அக்காவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

“ஏன்மா அதை நிறுத்தினே?”

“வெளிய போறப்ப எல்லா சுவிட்சையும் நிறுத்திட்டுத்தானே போகணும்? கடைசியா போறவங்க நிறுத்தலைன்னா விடுதியில திட்டுவாங்களே. சாயங்காலம் வந்ததும் மறுபடி போட்டுடுவேன்.” சொல்லும்போதே அவளுக்குப் புரிய ஆரம்பித்தது. காது மடல் சிவந்தது. “இதை நிறுத்தக் கூடாதாக்கா?”

“விடுதியில ஃப்ரிட்ஜ் இருந்துச்சுல்ல?”

“இருந்துச்சு. சமையல் ரூமைப் பூட்டி வச்சிருப்பாங்க. பாலோ முட்டையோ கொடுத்தா பேர் எழுதித் தருவோம், அவங்க உள்ள வைப்பாங்க. அது எப்படி ஓடுதுன்னு நான் பார்த்ததே இல்ல.” ஃப்ரிட்ஜின் சுவிட்சை மறுபடி போட்டுவிட்டு, “அச்சகத்துல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க” என்றாள்.

“நான் ஏன் சொல்லப் போறேன்? கொடுத்துட்டுப் போனவ நான். நிறுத்தாதேன்னு சொல்லணும்னு எனக்கே தோணலையே.”

விடை கிடைத்துவிட்டது, இனி வீட்டுக்குப் போகலாம். ஆனால் அக்காவுக்கு இப்போதுதான் ஆர்வம் பிடித்துக்கொண்டது. “இது மாதிரி வேற என்னென்ன தெரியாது உனக்கு?” என்று கேட்டார்.

“தெரியாதது என்னன்னு எனக்கு எப்படிக்கா தெரியும்?” என்றாள் அவள்.

அதற்கு வழி சொன்னவளும் அந்தப் பெண்தான். “நீங்க கேட்டா யாரும் சொல்ல மாட்டாங்க. வெட்கமா இருக்கும். நான் கேட்கிறேன், எங்க ஆளுங்க என்கிட்ட சொல்வாங்க.” சங்கத்திடம் சாமான் வாங்கிப் போன முப்பத்தொரு பேரின் எண்களை ஃபைல் சாரிடமிருந்து வாங்கிக்கொண்டாள். மூன்று வாரத்தில் ஒரு நோட்டு நிறைந்தது. யார் கேட்டது என்று எழுதவில்லை; கேள்வி மட்டும்தான்.

சங்கத்துக்காரர்கள் கூடியிருக்க, கிடங்கில் கட்டில்களுக்கு நடுவே உட்கார்ந்து அவள் வாசித்தாள்.

“வீட்டுக்காரர் கதவைத் தட்டினா உடனே திறந்தே ஆகணுமா? லீவு நாள்ல எத்தனை மணிக்கு எழுந்திரிக்கணும்? தலையணை உறையை எப்பத் துவைக்கணும்? விருந்தாளி வந்தா எப்ப கிளம்புவாங்க, நாம சொல்லணுமா? காய்ச்சல் வந்தா யார்கிட்ட சொல்லணும்?”

முதல் இரண்டு கேள்விகளுக்குச் சிரித்தவர்கள் கடைசிக் கேள்விக்குச் சிரிக்கவில்லை. ஃபைல் சார் பேனாவை மூடி வைத்தார். “ஒன்பது வருஷமா கட்டில் கொடுத்தோம், அடுப்பு கொடுத்தோம். இதை ஒருத்தரும் கேட்கலையே” என்றார்.

“கேட்க யாராவது பக்கத்துல உட்காரணும்ல சார்” என்றாள் அந்தப் பெண். குரலில் குறை சொல்லும் தொனி இல்லை.

அன்றிலிருந்து வழக்கம் மாறியது. சாமான் இறக்கி வைத்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்புவதில்லை. அந்தப் பெண்ணோ அவளைப் போலவே விடுதியிலிருந்து வந்த இன்னொருவரோ அரை நாள் அந்த அறையில் இருந்துவிட்டு வருவார்கள். காய்ச்சலுக்கென்று ஒரு எண்ணும் சுவரில் ஒட்டப்படும். முதல் மாதமே அந்த எண்ணுக்கு ஒரு பையன் கூப்பிட்டான். அக்காவும் கணவரும் போனார்கள். சாதாரணச் சளிக்காய்ச்சல்தான். “உண்மையிலேயே வருவீங்களான்னு பார்த்தேன்” என்று அவன் ஒப்புக்கொண்டான். கணவர் கோபப்படுவார் என்று அக்கா பயந்தார். அவரோ அவன் கண்ணாடியின் தளர்ந்த திருகை முடுக்கிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் இப்போது சங்கத்தின் குழுவில் இருக்கிறாள். மூன்றாவது நோட்டு ஓடுகிறது. லீவு நாளில் எத்தனை மணிக்கு எழுந்திரிக்கணும் என்ற கேள்விக்கு மட்டும் குழு இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஆறு என்கிறார் ஃபைல் சார். பத்து என்கிறாள் அவள். அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, ஒரு ஃப்ரிட்ஜின் பின்பக்கத்தைத் திறக்கிறார்.