கமலவேணி திறந்துவிட்ட மூன்று டிராக்குகள்

என் மனைவி கமலவேணிக்கு அறுபத்தொரு வயது. அலமாரியில் சேலைகளுக்கு அடியில் அவள் பத்திரப்படுத்தி வைத்திருந்தது நகையல்ல, ஒரு பிளாப்பி டிஸ்க். எண்பதுகளில் கம்ப்யூட்டருக்குள் செருகுவார்களே, கறுப்பாக, சதுரமாக, ஆட்டினால் வளையும் அட்டை, அதுதான். மூன்று வீடு மாறித் தஞ்சோங் கிளிங்குக்கு வந்திருக்கிறோம். மூன்று முறையும் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் லோரியில் ஏறினாள். என்னைக்கூட இப்படித் தாங்கியதில்லையே என்று கேலி செய்வேன். "நீங்க வளைஞ்சா நிமிர்த்திடலாம், இது வளைஞ்சா போச்சு" என்பாள்.

போன மாதம் தெங்கேராவிலிருந்து உசாமா போன் செய்தான். பழைய ரேடியோ, டிவி, கம்ப்யூட்டர் எல்லாம் பழுது பார்க்கிற பையன். இந்த டிஸ்க்கைப் படிக்கிற பழைய மிஷின் ஒன்றைத் தேடிச் சரிசெய்து தரச் சொல்லி அவனிடம் கேட்டு வைத்திருந்தாள். "ஆன்டி, அந்த சிபி/எம் மிஷின் ஓடுது லா! நாளைக்கே டிஸ்க்கை எடுத்துட்டு வாங்க" என்று கத்தினான். சிபி/எம் என்பது விண்டோஸ் பிறப்பதற்கு முன்னால் சின்னக் கம்ப்யூட்டர்களை ஓட்டிய சிஸ்டம். கமலவேணிக்குக் கால் தரையில் பாவவில்லை. ரசத்தில் இரண்டு முறை உப்புப் போட்டாள்.

எனக்கோ அந்த மிஷின் ஓடாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. கல்யாணமான புதிதில், "அந்த டிஸ்க்ல என் சொந்த விஷயமும் கொஞ்சம் இருக்கு" என்று அவள் சொல்லியிருந்தாள். என்ன விஷயம் என்றதற்குச் சிரித்து மழுப்பிவிட்டாள். நான் ஆறாம் வகுப்பு. எஸ்டேட்டிலிருந்து கித்தாப் பாலை, அதாவது ரப்பர் பாலை, ஏற்றிப் போகும் லோரிக்கு டிரைவர். அவள் ஐந்தாம் படிவம் முடித்தவள், எஸ்டேட் ஆபிஸில் கணக்கெழுதும் கிராணி. ஆட்களை மேய்க்கும் மண்டோரான அவளுடைய அப்பா மருதமுத்துதான் எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சம்பந்தம் பேசினார். பெண் பார்க்கப் போன அன்று அவள் தலையே நிமிரவில்லை. "அப்பா சொன்னா சரி" என்றாள், அவ்வளவுதான். அந்த மூன்று வார்த்தைச் சம்மதத்தோடு முப்பத்தெட்டு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். அவளாக விரும்பித்தான் என்னைக் கட்டிக்கொண்டாளா? ஒரு நாளும் கேட்டதில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான்.

அப்படி ஒரு மிஷின் அந்தக் காலத்தில் எங்கள் எஸ்டேட் ஆபிஸுக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். விடிகாலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் வாசித்து, இன்றைக்குப் பால் வெட்ட யாருக்கு எந்த மர வரிசை, அதாவது நிரை, என்று சொல்வதற்குப் பெரட்டு என்று பெயர். அந்தப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்று என்று எஸ்டேட்டை நிர்வகித்த துரை உத்தரவு போட்டார். முந்நூற்றுப் பதினெட்டுப் பேர். ஒரு டிஸ்கில் இருநூற்றுத் தொண்ணூறோடு இடம் தீர்ந்துவிட்டது. எஸ்டேட் குடியிருப்பு வரிசைகளில் கடைசி லயத்து ஆட்கள் மட்டும் இரண்டாவது டிஸ்கில். தினமும் டிஸ்க்கை மாற்றி, மிஷின் அதைப் படித்து முடிக்கிறவரை அவர்கள் பனியில் காத்துக் கிடந்தார்கள். மற்ற லயத்துக்காரர்கள் அவர்களை "ரெண்டாம் டிஸ்க்கு" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கோயில் திருவிழாப் பந்தியில்கூட "ரெண்டாம் டிஸ்க்கெல்லாம் அடுத்த பந்தி" என்று ஒருவன் சொல்ல, கைகலப்பே வந்துவிட்டது.

இது கமலவேணிக்குப் பொறுக்கவில்லை. தலையணை மொத்தத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகம் மிஷினோடு வந்திருந்தது. மூன்று மாதம் அதோடு மல்லுக்கட்டினாள். டிஸ்கில் எழுத்துகள் பதிவது டிராக் என்ற வட்டத் தடங்களில்; ஒவ்வொரு டிஸ்கிலும் முதல் மூன்று டிராக்கைச் சிஸ்டத்துக்கென்று காலியாக விட்டுவிடுவது அந்த மிஷினின் வழக்கம் என்று கண்டுபிடித்தாள். மிஷினைக் கிளப்புகிற டிஸ்க்குக்கு அது தேவை. வெறும் பெயர்ப் பட்டியலுக்கு எதற்கு? எந்தக் காலத்திலும் வராத விருந்தாளிக்கு ஓர் அறையைப் பூட்டி வைத்துவிட்டு, வீட்டு மனிதர்கள் வாசலில் படுப்பதா? சிஸ்டத்துக்குள் இருந்த அட்டவணையில் மூன்று என்ற எண்ணைப் பூஜ்யமாக மாற்றினாள்.

மறுநாள் பெரட்டில் மிஷின் நின்றுவிட்டது. டிஸ்க் செருக ஏ, பி என்று அதில் இரண்டு டிரைவ்; கிளப்புகிற டிஸ்க் ஏ-யில், பட்டியல் டிஸ்க் பி-யில். இரண்டும் ஒரே அட்டவணையைப் பார்த்துத்தான் ஓடுகின்றன என்பதை அவள் கவனிக்கவில்லை. பி-க்குச் செய்த மாற்றம் ஏ-யையும் குழப்ப, மிஷினுக்குத் தன் சாமான்களே எங்கே என்று தெரியவில்லை. வெளியே முந்நூற்றுப் பதினெட்டுப் பேர். துரை கடிகாரத்தைப் பார்க்கிறார். மருதமுத்து மண்டோருக்கு முகம் செத்துவிட்டது. கமலவேணி வெறுங்கையோடு வெளியே வந்து பெயர்களை மனப்பாடமாகக் கூப்பிட்டாள். அதுவும் கடைசி லயத்திலிருந்து ஆரம்பித்தாள்! ஒரு பெயர் விடவில்லை, ஒரு நிரை மாறவில்லை. லோரியில் சாய்ந்து நின்ற நான் என்னை மறந்து கை தட்டினேன். அன்றைக்கு விழுந்தவன்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

ஒரு வாரத்தில் அவள் பி-க்கு மட்டும் தனி அட்டவணை எழுதிவிட்டாள். எல்லாப் பெயரும் ஒரே டிஸ்கில் அடங்கின. கடைசி லயத்துக் குஞ்சம்மா அவளுக்கு ஒரு முட்டைக் கோழியைக் கொண்டுவந்து கொடுத்தார். அப்படியும் டிஸ்கில் மிஞ்சிய கொஞ்ச இடத்தில்தான் அவளுடைய சொந்த விஷயம் இருந்தது.

தெங்கேராக் கடையில் உசாமா டிஸ்க்கைச் செருகினான். திரையில் குப்பை கொட்டியது மாதிரி என்னென்னவோ குறிகள் ஓடின. "சாரி ஆன்டி, டிஸ்க் செத்துப்போச்சு" என்றான். உள்ளுக்குள் எனக்கு நிம்மதி. அப்படி நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

"வாயைக் கழுவுடா தம்பி. உன் மிஷின் நாலாவது டிராக்ல போய்த் தேடுது, என் சாமான் முதல் டிராக்லேர்ந்து இருக்கு" என்று சொல்லி, கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தாள். ஏ-க்குப் பழைய அட்டவணை, பி-க்குப் புதியது. வேலை நடந்த ஒரு மணி நேரமும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். நேற்று எங்கே மூக்குக்கண்ணாடியை வைத்தோம் என்று தெரியாதவளுக்கு அந்த எண்கள் எல்லாம் விரல் நுனியில் இருந்தன. டிஸ்க்கை மறுபடி போட்டதும் உசாமா அவசரப்பட்டு எதையோ தட்டப் போனான். பட்டென்று அவன் கையில் ஓர் அடி. "டிஸ்க் மாத்தினா முதல்ல கண்ட்ரோல்-சி! அப்பதான் அதுக்குப் புது டிஸ்க்குன்னு தெரியும்."

சிவப்பு விளக்கு எரிந்தது. டிரைவ் கர்ரென்று முனகியது. பெரட்டு ஒன்று, பெரட்டு இரண்டு என்று ஃபைல் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. உசாமா குதித்தான். கடைசியில் ஒரு பெயர் தனியாக இருந்தது: LORI.

கமலவேணி சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, போய்த் தே தாரிக் வாங்கிட்டு வாங்களேன்."

"நான் போகல" என்றேன்.  விவரமான பையன் உசாமா, தானே கிளம்பிவிட்டான்.

அவள் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்த LORI ஃபைலைத் திறந்தாள். மிஷினில் தமிழ் எழுத்து கிடையாது, ஆங்கில எழுத்தில் தமிழை அடித்திருந்தாள். நான் விரல் வைத்து மெதுவாகப் படித்தேன்.

"மார்ச் 11. மிஷின் நின்றது. பெயரெல்லாம் நானே சொன்னேன். பால் லோரிக்காரர் மட்டும் கை தட்டினார்."

"மார்ச் 19. இன்றைக்கு லோரியில் வேறு ஆள். பொழுதே போகவில்லை."

"ஏப்ரல் 2. அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் வீட்டுக்கு ஆள் அனுப்பச் சொன்னேன். நான் கேட்டதாக யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்."

மூன்றாவதை இரண்டு முறை படித்தேன். பெண் பார்க்கப் போனது மே மாதம்.

"நீயா ஆள் அனுப்பச் சொன்னே?"

"பின்ன? அப்பா வாத்தியார் மாப்பிள்ளைக்கு அலைஞ்சிட்டு இருந்தாரு. நாலு நாள் பட்டினி கிடந்துதான் அவரை வழிக்குக் கொண்டுவந்தேன்."

"அப்புறம் ஏன் வேணி, 'அப்பா சொன்னா சரி'ன்னே?"

"இருபது பேர் உட்கார்ந்திருக்கிற இடத்துல, இவரை நான்தான் கேட்டேன்னு சொல்லவா முடியும்?" என்றாள். அறுபத்தொரு வயதில் அவளுக்கு முகம் சிவந்தது.

மனிதன் சந்தோஷத்திலும் இப்படி அழுவான் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. தேநீரோடு உள்ளே வந்த உசாமா என் முகத்தைப் பார்த்துப் பதறிப்போய், டிஸ்க் அழிந்துவிட்டதா என்று கேட்டான். கமலவேணியோ, ஒரு பையன் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்றும் பாராமல், தன் சேலைத் தலைப்பால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.