மாமியாரின் மணிக்கட்டு

என் மாமியாரை நான் மாட்டிவிடவில்லை. அவரே திருத்தணியில் ரயிலேறி வந்து மாட்டிக்கொண்டார். நன்றாக வேண்டும்!

என் மகளுக்கு ஒன்பது வயது. பார்த்தால் ஆறுதான் சொல்வார்கள். வளர்ச்சி ஹார்மோன் ஊசி ஆரம்பித்துச் சில மாதங்களே ஆகியிருந்தன. தினமும் அவள் தொடையில் நான் ஊசி போடும் நேரம் பார்த்து மாமியார் வந்து நிற்பார்.

"ஒங்கம்மா குள்ளச்சி. அந்த ரத்தத்துக்கு ஊசி எப்படிப் புடிக்கும்? களர் நெலத்துல ஒரத்தக் கொட்டிகினு கீற. நிறுத்துடி!"

இவர் மட்டும் என்ன பனைமரமா? பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் ஒருநாள் மகள், "அம்மம்மா வீட்டுக்கு வரமாட்டேன். அவங்ககிட்ட போனா இன்னும் குள்ளமாயிடுவேன்னு ஆயா சொல்லிச்சு" என்றாள். ஆயா என்று அவள் சொல்வது என் மாமியாரைத்தான். என் அம்மா அவளுக்காக முறுக்கு சுட்டுவைத்துக் காத்திருந்தாள்.

ஊசியை நிறுத்தச் சொல்ல மாமியாரே சென்னை ஆஸ்பத்திரிக்கு எங்களோடு வந்தார். டாக்டர் மகளின் கை எக்ஸ்ரேயைப் பார்த்தார். முன்கை குட்டை, மணிக்கட்டு எலும்பு வளைந்திருக்கிறது, இது பரம்பரையாக வருவது என்றார். "வீட்ல யாருக்காவது கை இப்படி இருக்கா?"

என் கையை நீட்டினேன். நேராக இருந்தது. மாமியாரின் கை முந்தானைக்குள் போனது.

"அத்தை, நீங்களும் காட்டுங்க."

"சின்ன வயசுல மாடு முட்டிச்சுங்க, டாக்டர்."

"ரெண்டு கையிலயுமா?" என்று கேட்டு, முந்தானையை நானே விலக்கினேன். இரண்டு மணிக்கட்டிலும் எலும்பு புடைத்துக்கொண்டிருந்தது.

பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. ஒரே மரபணுக் குறை: மாமியாருக்கு, அவர் மகனுக்கு, என் மகளுக்கு. எனக்கு இல்லை. "ஒரே ஊசிதான், ஆனா மரபணுவைப் பொறுத்து வளர்ச்சி பிள்ளைக்குப் பிள்ளை மாறும். இந்தக் குறைக்கு நல்லாவே கேக்கும். நிறுத்திடாதீங்க" என்றார் டாக்டர்.

இப்போது ஊசி நேரத்தில் மகளின் கையைப் பிடித்துக்கொள்ள மாமியாரைத்தான் கூப்பிடுகிறேன். வேண்டுமென்றேதான். நேற்று மகள் தன் மணிக்கட்டை அவருடையதோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள்.

"ஆயா, அப்போ ஒங்கிட்ட வந்தாலும் நான் குள்ளமாயிடுவனா?"

மாமியார் என்னைப் பார்த்தார். பதில் வரட்டும் என்று ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.