மீனவர் நாளன்று சமைத்த இறால்

உலகத்தில் யாரோ எங்கோ உட்கார்ந்து ஒரு நாளுக்குப் பெயர் வைத்துவிட்டால் போதும், மீஞ்சூரில் எங்கள் வீட்டு அடுப்பு அதற்குத் தகுந்தபடி எரியும். சர்க்கரை நோய் விழிப்புணர்வு நாள் வந்தால் வெந்தயக் களி. சிறுதானிய நாளுக்கு வரகரிசிப் பொங்கல். உணவை வீணாக்காதே என்று ஒரு நாள் வரும், அன்றைக்குத் தர்பூசணித் தோலில் கூட்டு. எங்கள் குடியிருப்புப் பெண்கள் ஏழெட்டுப் பேர் இப்படி ஒருவர் வீட்டில் கூடுவோம். சாப்பிட்டு முடித்ததும் அந்த நாளைப் பற்றி யாராவது நாலு வார்த்தை பேச வேண்டும் என்பது வழக்கம். அந்த யாராவது பெரும்பாலும் நான்தான். பேசுவது எனக்குப் பிடிக்கும் என்று சொல்வதைவிட, மற்றவர்கள் பேசினால் எனக்குப் பொறுக்காது என்பதே உண்மை.

காலண்டரைப் பார்த்துச் சோறு போடுகிறவள் என்று என் கணவர் கேலி செய்வார். செய்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

நான் பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் ஒரு மீனவர் ஊரில் பிறந்தவள். பசியாவரத்தைத் தாண்டி இன்னும் கொஞ்சம் போக வேண்டும். கல்யாணமாகி மீஞ்சூருக்கு வந்த புதிதில் இதை நான் வாய் திறந்து சொன்னதில்லை. மீன் வாசனை என்று யாராவது மூக்கைச் சுளித்தால் நானும் சேர்ந்து சுளித்திருக்கிறேன். பிறகு காலம் மாறியது. ஏரி மீன், ஐஸ் போடாத மீன் என்றாலே ஒரு மதிப்பு வந்துவிட்டது. உடனே நான் ஏரிக்கரைக்காரியாகிவிட்டேன். சந்தையில் வாங்கிய வளர்ப்பு இறாலைப் பார்த்து, இதெல்லாம் இறாலா, எங்கள் ஊருக்கு வாருங்கள், இறால் என்றால் என்னவென்று காட்டுகிறேன் என்று நீட்டி முழக்கினேன். போன வருஷம் மீனவர் நாள் நெருங்கியபோது அந்தப் பெண்கள் என் பேச்சை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். இந்தத் தடவை உங்கள் ஊரில் வைத்துக்கொள்வோம் என்றார்கள்.

ஊரில் இருப்பது என் தம்பியும் அவன் மனைவியும். அவளுக்குப் போன் செய்து, விருந்தாளிகள் வருகிறார்கள், நல்ல வெள்ளை இறால் வேண்டும் என்றேன்.

"நம்ம பாடு அன்னிக்கு இல்ல அண்ணி," என்றாள். "மடவ இருக்கும். கெளுத்தி கெடைக்கும்."

பாடு என்பது எங்கள் ஊர் முறை. ஏரியில் இறால் ஓடும் இடங்கள் குறைவு. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் கழி ஊன்றி வலை கட்டினால்தான் சரியாகக் கிடைக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் போய்க் கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இன்னார் வீட்டுக்கு, நாளைக்கு இன்னார் வீட்டுக்கு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்த நாளில் அந்த இடம் அந்த வீட்டுக்குச் சொந்தம். மடவைக்கும் கெளுத்திக்கும் வேறு வலை, வேறு இடம், அதை யாரும் கேட்கமாட்டார்கள். இறால் அப்படி இல்லை. எங்கள் அப்பா, நைனா, இருந்தவரை, வீட்டில் அரிசி இல்லாத நாளிலும் அடுத்தவர் பாடு நாளில் அந்தப் பக்கம் படகைத் திருப்பியதில்லை. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும்.

தெரிந்துதான் சொன்னேன். மடவை தின்னவா அவர்கள் அவ்வளவு தூரம் வருவார்கள், அக்கா கேட்டாள் என்று அவனிடம் சொல், அவன் பார்த்துக்கொள்வான் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பிறந்த வீட்டுக்கு வரும் பெண் வாய் விட்டுக் கேட்டதை இல்லை என்று சொல்ல எங்கள் பக்கம் யாருக்கும் மனசு வராது. அந்தத் தைரியத்தில்தான் அப்படிப் பேசினேன்.

முதல் நாளே நான் மட்டும் கிளம்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அவர்களோடு சேர்ந்து பஸ்ஸில் போய் இறங்கினால்தான் எனக்குப் பெருமை. திருப்பாலைவனம் தாண்டும்போதே, இதோ ஏரிக் காற்று வருகிறது பாருங்கள் என்று ஆரம்பித்துவிட்டேன். படகில் ஏறியதும் நாரையைக் காட்டினேன், உள்ளான் குருவியைக் காட்டினேன், மண்ணில் ஊன்றியிருந்த கழிகளைக் காட்டினேன். கார்த்திகை மழை விட்டு வானம் வெளுத்திருந்தது. அந்தப் பெண்கள் படமாக எடுத்துத் தள்ளினார்கள்.

வீட்டில் ஒரு பெரிய அலுமினியச் சட்டி நிறைய இறால் இருந்தது. விரல் நீளம், இன்னும் மீசை துடித்துக்கொண்டிருந்தது. பார்த்த கணமே எனக்குப் புரிந்துவிட்டது. தம்பி, வாக்கா என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் குடம் எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனான். எப்போதும் வேலியில் காயும் வலையை வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள். ஏது இறால் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடும். அதனால் கேட்காமல் புளியைக் கரைக்க உட்கார்ந்துவிட்டேன்.

இறால் உரிக்கப் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். என்னோடு கூட விளையாடி வளர்ந்தவள். வந்தவள் சட்டியை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, தலையைக் கிள்ளி, ஓட்டைக் கழற்றி, நரம்பை இழுத்து, எல்லாவற்றையும் ஒற்றை ஆளாக உரித்து முடித்தாள். எப்போதும் வாய் ஓயாதவள், அன்றைக்கு எங்கள் பெண்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். வெளியாட்கள் முன்னால் கூச்சமாக இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

பூண்டு தட்டிப் போட்டு இறால் தொக்கு, மடவைக் குழம்பு, சோறு. தொக்கைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, சட்டியை வழித்தார்கள். முடிகிற நேரத்தில், பேசுங்கள் பேசுங்கள் என்று என்னிடம் சொன்னார்கள். நான் தயாராகவே வந்திருந்தேன். ஏரி எல்லோருக்கும் தாய் என்று ஆரம்பித்து, எங்கள் பாடு முறையை விளக்கி, கையை ஆட்டிச் சொன்னேன்.

"எங்க ஊர்ல ஏரியை யாரும் பூட்டி வெக்கல. ஆனா அடுத்தவங்க பாடு அன்னிக்கு ஒருத்தரும் வலை கட்ட மாட்டாங்க. பசியில கெடந்தாலும் கட்ட மாட்டாங்க."

கைதட்டினார்கள். ஒருத்திக்குக் கண்கூடக் கலங்கியது. பக்கத்து வீட்டுக்காரி சட்டியின் அடியில் மிஞ்சியிருந்த தொக்கைக் கரண்டியில் எடுத்து என் தட்டில் வைத்தாள்.

"துன்னு. நல்லாருக்குது," என்றாள்.

வாசலுக்கு எதிரே புங்க மரத்தடியில் ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். நான் பேசியது அத்தனையும் அவர்கள் காதிலும் விழுந்திருக்கும். வெளியூர்க்காரர்கள் கை கழுவி, வெற்றிலை போட்டு, படகேறும் வரை அவர்கள் எழுந்திருக்கவில்லை. விருந்தாளிகள் முன்னால் ஒரு வீட்டை அவமானப்படுத்தக் கூடாது என்று காத்திருந்தார்கள். பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று பெண்களை அனுப்பிவிட்டு நான் நின்றுகொண்டேன்.

அன்றைய பாடு பக்கத்து வீட்டுக்குச் சொந்தமானது. அவள் புருஷன் போய்ப் பார்த்தபோது சேற்றில் அப்போதுதான் கழி ஊன்றிப் பிடுங்கிய தடம் இருந்திருக்கிறது. தன் வீட்டு இறாலைத்தான் அவள் எங்களுக்கு உரித்துக் கொடுத்திருக்கிறாள்.

கோயில் முன்னால் கூட்டம் கூடியது. தம்பி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தலைகுனிந்து நின்றான். ஏன் செய்தாய் என்று கேட்டார்கள். பேராசையில் கட்டிவிட்டேன், தப்புதான் என்றான். அதோடு சரி. என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இறால் நன்றாக ஓடுகிற காலம் அது. அவனுடைய அடுத்த பாட்டை எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது என்று தீர்ப்பானது. மழைக்காலம் முழுக்க தம்பி வீடு நம்பியிருந்ததே அந்த ஒரு பாட்டைத்தான். தம்பி மனைவி என் பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சினாள்.

எனக்குத் தாங்கவில்லை. பெண்கள் பேசாத அந்தக் கூட்டத்தில் நடுவே போய் நின்று, அவன் மேல் தப்பில்லை, நான்தான் கேட்டேன், எனக்காகத்தான் கட்டினான் என்று சொல்லிவிட்டேன். அழுதேன் என்றுகூட நினைக்கிறேன். பேசி முடித்தபோது எனக்குள் கொஞ்சம் லேசாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை, லேசாகத்தான் இருந்தது.

பெரியவர் ஒருவர் என்னைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்தார்.

"அப்ப அக்கா சொன்னா நீ எது வேணா செய்வியா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு கொஞ்சம் பரவியது. அதுவரை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி நிமிர்ந்து என்னைப் பார்த்தான். தீர்ப்பில் ஒன்றும் மாறவில்லை.

கரைக்கு என்னைக் கொண்டுபோய் விட அவனே படகெடுத்தான். பாதி வழி வரை நான்தான் உளறிக்கொண்டு வந்தேன். அடுத்த மாதம் வருகிறேன், பெரியவர்களிடம் மறுபடி கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். அவன் கழி ஊன்றுவதை நிறுத்தினான்.

"ஆசைல கட்டிட்டேன்னு ஒத்துக்கினேன். அத்தோட முடிஞ்சிருக்கும். ஆம்பளைங்க செய்ற தப்புதான்னு உட்ருப்பாங்க. இப்ப எனக்குன்னு சொந்தமா புத்தி இல்லன்னு ஊர் சிரிக்குது."

உனக்காகத்தானே பேசினேன் என்றேன்.

"எனக்காவ இல்லக்கா. உனக்கு மனசு அறுத்துது. எறக்கி வெக்க ஒரு எடம் வேணும் உனக்கு."

கோபமாகச் சொல்லவில்லை. பொறுமையாகத்தான் சொன்னான். படகுத்துறை வந்ததும் கை கொடுத்து இறக்கிவிட்டு, பார்த்துப் போக்கா என்றான். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு போனைப் பார்த்தேன். நான் கையை ஆட்டிப் பேசும் படத்தைப் பெண்கள் அனுப்பியிருந்தார்கள், கீழே வரிசையாகப் பாராட்டு. முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு மீஞ்சூர் வரை வந்தேன்.

இந்த வருஷம் மீனவர் நாளுக்கு என்ன சமைப்பது என்று அவர்கள் கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுத உட்கார்ந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதினால் ஆறும் என்று தோன்றியது. எழுதி முடித்து மேலிருந்து படித்துப் பார்க்கும்போதுதான், தம்பியை இன்னொரு தடவை கூட்டத்தின் நடுவில் நிறுத்தியிருக்கிறேன் என்று தெரிகிறது. எழுதட்டுமா என்று அவனை நான் கேட்கவில்லை. கேட்டால் சரிக்கா என்றுதான் சொல்வான்.