பேரைக் கேட்டுவிட்டுத்தான் ஊசி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டிகளுக்குப் பட்டறை வைத்திருப்பவனிடம் பொறுமையை எதிர்பார்க்காதீர்கள். குடலிறக்க ஆபரேஷனுக்காக நாமக்கல் ஆஸ்பத்திரி ஒன்றில் படுத்திருந்தபோது, நர்ஸ் பிரவீனாவோடுதான் முதல் சண்டை. மாத்திரை தர வந்தாலும் "உங்க பேரு என்னங்க?" ஜுரம் பார்க்க வந்தாலும் அதே கேள்வி.

"ஏனம்மணி, மாப்பிள்ளை பாக்கவா வந்திருக்கற? தங்கமுத்து, தங்கமுத்துன்னு எத்தன வாட்டி சொல்றது?" என்று எரிந்து விழுந்தேன்.

சிரித்துக்கொண்டே என் கைப்பட்டையையும் பார்த்துவிட்டுப் போனாள். எருமப்பட்டிக்காரி. புதிதாகச் சேரும் நர்சுகளை வார்டில் பழக்கிவிடுவது அவள் பொறுப்பு. பழகியவர்கள் கோயம்புத்தூர், பெங்களூர் என்று பறந்துவிடுவார்கள்; இவள் மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். நானாக இருந்தால் சாபம் விட்டிருப்பேன்.

ஆபரேஷன் அன்று விடியற்காலையில், பக்கத்துக் கட்டில் வெங்கடாசலம் அண்ணன் புழுங்குகிறது என்றார். என் கட்டிலுக்கு மேலேதான் ஃபேன். "நீங்க பெரியவங்க, இங்க படுங்க" என்றேன். யாரிடமும் சொல்லாமல் இடம் மாறிக்கொண்டோம். அவருக்குச் சர்க்கரை, காலையில் இன்சுலின் ஊசி உண்டு. எனக்குச் சர்க்கரை இல்லை; அதோடு ஆபரேஷனுக்காகப் பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் கிடந்தேன்.

புதுப்பெண் தேவிப்ரியா அந்த ஊசியோடு நேரே என்னிடம் வந்தாள். பின்னால் பிரவீனா.

"வெங்கடாசலமுங்களா?"

எனக்கு அரைத் தூக்கம். மரியாதையாகக் கேட்டால் நம் பக்கத்தில் யார் இல்லை என்பார்கள்? "ஆமாங்க" என்றேன்.

பிரவீனா சட்டென்று அவள் கையைப் பிடித்தாள். "ஐயா, உங்க பேரு என்னங்க?"

"தங்கமுத்து! இன்னும் எத்தன..." என்று கத்தியபோதுதான், படுத்திருப்பது அண்ணன் கட்டிலில் என்று உறைத்தது. வெறும் வயிற்றில் அந்த ஊசி ஏறியிருந்தால், எமலோகத்தில்தான் பட்டறை வைத்திருப்பேன்.

தேவிப்ரியா அழுதுவிட்டாள். "இந்த வேலையே வேண்டாங்க்கா. நான் ஊட்டுக்கே போறேன்."

"போலாம் சாமி. மொதல்ல வெங்கடாசலம் ஐயாவுக்கு ஊசியப் போட்டுட்டு வா. டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் போயிச் சொல்லிக்கலாம். நாம பேரச் சொன்னா எல்லாரும் ஆமாங்கம்பாங்க. அவங்களச் சொல்ல விடு."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் வலி ஊசியோடு வந்தது யார் என்கிறீர்கள்? தேவிப்ரியாவேதான். கட்டிலுக்கு இரண்டடி தள்ளியே நின்றாள். பிரவீனா வாசலிலேயே நின்றுகொண்டாள், உள்ளே வரவில்லை.

"ஐயா... உங்க பேரு என்னங்க?"

"தங்கமுத்து, சாமி" என்று சட்டைக் கையைச் சுருட்டினேன். "இன்னும் நூறு வாட்டி கேளு, சொல்றேன்."

சிரித்துக்கொண்டே கிட்டே வந்தாள். ஊசி போட்டதே தெரியவில்லை. வாசலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். பிரவீனா அடுத்த கட்டிலுக்குப் போய், பேரைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.