என் பக்கம் திரும்பாத விரல்கள்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன் நான். சுனாமி சிதைத்த மைதானத்தைத் தனியாளாய் மண் கொட்டி நிரவி, எங்கள் தீவு ஊரான மாயாபந்தரில் வாலிபால் அணியை உருவாக்கியவனும் நானேதான். தோற்றால் ஆறு பேரையும் வரிசையில் நிறுத்தி, தோல்விக்குக் காரணமானவனை விரல் நீட்டிக் காட்டச் சொல்வேன்.

ஓர் இறுதிப் போட்டியின் கடைசி செட்.

"சலீமுக்குக் கால் பிசகிருக்கு மாஸ்டர், உட்கார வைங்க" என்றான் கேப்டன் முருகன்.

"நீ மாஸ்டரா, நான் மாஸ்டரா?" என்று சலீமையே ஆட வைத்தேன். தோற்றோம்.

வரிசையில் நிறுத்தி, "கல்தி யாரோடது, தப்பு யாரோடது?" என்றேன்.

"என்னோடதுதான் மாஸ்டர்" என்று சலீம் தன்னையே காட்டினான். முருகனும் அப்படியே. ஆறு விரல்களும் அவரவர் மார்பில்.

சலீமை ஆட வைத்தது நான்தான் என்று ஆறு பேருக்கும் தெரியும். என் கை கால்சட்டைப் பையை விட்டு வெளியே வரவில்லை.

இப்போது தோற்றால், வரிசையில் முதல் ஆளாக நான் நிற்கிறேன். அன்று நிற்கவில்லை.