பீன்ஸ் கொடி ஏறிய மட்டை

ஓரெஸ்ட் கோஸ்டிராவுக்கு மனிதர்களின் முகம் சட்டென்று நினைவுக்கு வராது. அவர்களுடைய ஐஸ் ஹாக்கி மட்டையைக் கையில் கொடுத்தால் போதும், கண்ணை மூடித் தடவிப் பார்த்து ஆளின் பெயரைச் சொல்லிவிடுவார். கார்வி லேக் லூன்ஸ் அணியில் முப்பத்தோரு வருடமாகச் சாமான் பொறுப்பு அவருடையது. ஸ்கேட் காலணிகளின் கத்தியைத் தீட்டுவது, வியர்வையில் ஊறிய சட்டைகளைத் துவைப்பது, கையுறைகளை உலர்த்துவது எல்லாம் அவர் வேலை. ஆட்டம் நடக்கும்போது வீரர்களின் பெஞ்சுக்குப் பின்னால் நிற்பார். மட்டை முறிந்தவன் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டுவான். அவனுடைய அடுத்த மட்டை அந்தக் கையில் இருக்கும்.

ஊரில் எல்லோருக்கும் அவர் கோஸ்டி. குட்டையான உருவம், பெரிய காது, எப்போதும் சட்டைப் பையில் ஒரு கறுப்பு டேப் சுருள். மைனஸ் ஆறு டிகிரியிலும் மைனஸ் முப்பது டிகிரியிலும் அதே கம்பளிச் சட்டைதான். அவருடைய மனைவி லேஸ்யா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். நாற்பது பிள்ளைகளை வாய் திறக்காமல் உட்கார வைக்கிறவள். கணவனை அப்படி உட்கார வைக்க மட்டும் அவளால் முடிந்ததில்லை. சாப்பாட்டு மேசையில் அவர் முள்கரண்டியைத் தூக்கி வெளிச்சத்தில் வளைவு பார்ப்பார்.

வளைவு என்றால் அவருக்கு உயிர். மட்டையின் தண்டு எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். பனிமேல் வழுக்கி ஓடுகிற ரப்பர் வட்டான பக்கைத் தொடுகிற பலகை இருக்கிறதே, அது ஒவ்வொருவனுக்கும் ஒரு மாதிரி வளையும். ஒருவனுக்கு நுனியில் கொக்கிபோல, இன்னொருவனுக்கு நடுவில் லேசாக, மூன்றாமவனுக்கு வானம் பார்த்து மல்லாந்து. ஒவ்வொரு வீரனுக்கும் ஒட்டுப்பலகையில் ஓர் அச்சு வெட்டி, ஓரெஸ்ட் அலமாரியில் மாட்டியிருந்தார். புது மட்டைகள் பெட்டியில் வந்து இறங்கியதும் ஒவ்வொன்றையும் அச்சின்மேல் வைத்து விளக்கைப் பார்த்துத் தூக்குவார். இடையில் வெளிச்சம் கசிந்தால் அந்த மட்டை திரும்பிப் போகும். தொழிற்சாலைக்காரர்களுக்கு அவர் பெயரைக் கேட்டாலே தலைவலி.

கடையில் தொங்குகிற மட்டைகள் வேறு சமாசாரம். அவற்றில் பெரிய ஆட்டக்காரர்களின் பெயரில் நாலைந்து வளைவுகள் உண்டு. அந்தப் பெயருக்குரியவன் அந்த வளைவில் ஆடுகிறானா என்று கேட்டால் கோஸ்டி காதைச் சொறிந்துகொண்டு பேச்சை மாற்றிவிடுவார். கார்வி லேக் ஹார்டுவேர் கடையில் அதிகம் போனது ‘பெர்வல்’. மாத்யூ பெர்வல் இருபது வயதில் இந்த ஊர் அணியில்தான் தொழிலைத் தொடங்கினான். பிறகு பெரிய அணிக்குப் போய்ப் பதினைந்து வருடம் ஆடினான். ஊரே அவன் பெயர் போட்ட மட்டையை வாங்கி ஆடியது. பல் மருத்துவர், பாதிரியார், பெண்கள் அணியின் நர்சுகள், ஒருவர் பாக்கியில்லை. பக் சும்மா தொட்டாலே மேலே எழும்பும், அவ்வளவு மல்லாந்த வளைவு. பெர்வல் நிஜத்தில் ஆடியதோ கிட்டத்தட்ட தட்டையான பலகையில். மட்டை செய்கிற நிறுவனம் முதலில் அதைத்தான் கடைக்கு அனுப்பியது, ஒருவரும் தொடவில்லை. பிறகு விற்கிற வளைவு ஒன்றை எடுத்து அவன் பெயரை ஒட்டினார்கள். அவனுடைய நிஜ வளைவு தொழிற்சாலைக் கோப்பில் ‘லாரிமர்’ என்று கிடந்தது. டங்கன் லாரிமர் என்ற பழைய தடுப்பாட்டக்காரரின் வளைவு அது. புதுப் பையனாக இருந்த பெர்வல் ஒருநாள் அவர் மட்டையைக் கடன் வாங்கி ஆடினான், அன்றிலிருந்து வேறெதையும் தொடவில்லை.

அந்த பெர்வல் முப்பத்தாறு வயதில், முழங்காலில் கத்தி வைத்த தழும்போடு, ஒரு பிப்ரவரி மாதம் கார்வி லேக்குக்குத் திரும்பி வந்தான். பெரிய அணி அவனைக் கீழே இறக்கியிருந்தது. வெள்ளிக்கிழமை ஆட்டத்தைப் பார்க்க மேலிடத்து ஆள் ஒருவர் வருவார், அவர் தலையாட்டினால் மேலே போகலாம், இல்லையென்றால் இந்த வசந்தத்தோடு ஆட்டத்துக்கு முழுக்கு. இது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஓரெஸ்ட் அவனைப் பார்த்ததும் முதலில் அவன் மட்டையைத்தான் கையில் வாங்கினார். முகம் கொஞ்சம் மாறித்தான் இருந்தது. மட்டைக்கு அவன் டேப் சுற்றுகிற விதம் மாறவேயில்லை.

கையோடு கொண்டுவந்த இரண்டு மட்டைகளும் பயிற்சியிலேயே முறிந்தன. அவசரமாகக் கேட்டிருந்த பன்னிரண்டு புது மட்டைகள் புதன்கிழமை காலை வந்து இறங்கின. ஓரெஸ்ட் ஒன்றை உருவி அச்சின்மேல் வைத்தார். வெளிச்சம் கசியவில்லை, கொட்டியது. தண்டில் மாத்யூ பெர்வல் என்று அழகாக அச்சடித்திருந்தது. பலகை மட்டும் பல் மருத்துவருடையது போல மல்லாந்திருந்தது.

தொழிற்சாலையைக் கூப்பிட்டு ஒரு பிடி பிடிக்கலாம் என்று, தான் அனுப்பிய படிவத்தின் நகலை எடுத்தார். ஆட்டக்காரர் என்ற கட்டத்தில் பெர்வல். வளைவு என்ற கட்டத்திலும் பெர்வல். தன்னுடைய கையெழுத்துதான். வருகிறவனைப் பற்றிய சந்தோஷத்தில் லாரிமர் என்று எழுத வேண்டிய இடத்தில் அவன் பெயரையே எழுதியிருக்கிறார். அவர்கள் கேட்டதைக் கொடுத்திருக்கிறார்கள், கடைக்குப் போகிற வளைவு கையிருப்பில் இருந்ததால் உடனேயே. தொலைபேசியில் பேசிய பெண், சரியானதைச் செய்து அனுப்ப ஆறு வாரமாகும் என்று தன்மையாகச் சொன்னாள்.

அன்றைய பயிற்சியில் பெர்வல் அந்த மட்டையோடு இறங்கினான். அவனுடைய பிழைப்பே மட்டையின் பின்பக்கத்தால் தள்ளிவிடுகிற பாஸில் இருந்தது. பனியை ஒட்டி, சத்தமில்லாமல், கேட்டவன் மட்டைக்கு நேராகப் போகும். இப்போது ஒவ்வொரு பாஸும் தவளைபோலத் தாவியது. பெர்வல் வளைவு பெர்வலுக்கே ஒத்துவரவில்லை என்று இளவட்டங்கள் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான், ஆனால் உடை மாற்றும் அறைக்கு வந்ததும் ஸ்கேட்டைக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டான்.

ஓரெஸ்ட் அவன் எதிரில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

“தப்பு என்னோடது மேட்டி. வளைவுன்னு இருந்த கட்டத்துலயும் உன் பேரையே எழுதிட்டேன்.”

பெர்வல் அந்தப் பலகையைப் புரட்டிப் பார்த்தான்.

“உலகத்துல எல்லாரும் நம்புறதத்தானே நீங்களும் எழுதியிருக்கீங்க கோஸ்டி,” என்றான். “விடுங்க. வெள்ளிக்கிழமை ஒரு தொடப்பத்த வச்சு ஆடுறேன்.”

அவன் திட்டியிருந்தால் ஓரெஸ்ட் தாங்கியிருப்பார். மத்தியானம் முழுக்க அந்த மட்டைகளில் ஒன்றை எடுத்து, சூட்டுக் காற்று அடித்து, வளைவை நிமிர்த்தப் பார்த்தார். அந்தக் காலத்து மரப்பலகை என்றால் கெட்டில் ஆவியில் காட்டினால் சொன்னபடி கேட்கும். இது கார்பன். உள்ளே நுரை உப்பி, பலகை அப்பம்போல வீங்கிப் பிளந்தது. இன்னொன்றைத் தொட அவருக்கு மனசு வரவில்லை.

வீட்டில் லேஸ்யா முட்டைக்கோஸ் இலையில் சோறும் கறியும் சுருட்டி வேகவைத்து வைத்திருந்தாள். ஓரெஸ்ட் அதைத் தொடாமல் நடந்ததைச் சொன்னார். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு இன்னும் ஒரு சுருளை அவர் தட்டில் வைத்தாள்.

“அந்தப் பையன் மட்டை ஒண்ணு என் பீன்ஸ்ல நிக்குதே.”

“எந்தப் பையன்?”

“உன் பெர்வல்தான். இங்க இருந்தப்ப தண்டு விரிஞ்சுதுன்னு நீதான் தூக்கிட்டு வந்த. எதையாவது தூக்கிப் போட உனக்கு மனசு வருமா? பதினாறு வருஷமா என் பீன்ஸ் அதுமேலதான் ஏறுது.”

முள்கரண்டி கீழே விழுந்தது. தோட்டத்தின்மேல் இடுப்பளவு பனி. கொடிக்கம்புகள் எல்லாம் குளிர்காலத்துக்குக் கொட்டகையில் கிடந்தன. இருவரும் மண்வாரியோடு கொட்டகைக் கதவுவரை வழி வெட்டினார்கள். உள்ளே சணல் நூலும் காய்ந்த கொடியும் சுற்றிய பத்தொன்பது மட்டைகள். பெயர் எல்லாம் வெயிலில் அழிந்துவிட்டிருந்தது. ஓரெஸ்ட் கையுறையைக் கழற்றினார், கண்ணை மூடினார், ஒவ்வொன்றாகத் தடவினார். பதினோராவதில் அவர் விரல் நின்றது.

அது மரப்பலகை. லாரிமர் வளைவுக்கு ஏற்ப அவரே ஆவியில் வளைத்தது. அடிப்பக்கத்து வளைவு மட்டும் பையனின் கைக்குக் கொஞ்சம் அதிகமாக இருக்கிறதென்று அரத்தால் ராவிக் குறைத்திருந்தார். அந்த அரத்தின் தடம் இன்னும் விரலில் தட்டுப்பட்டது.

வியாழக்கிழமை முழுக்க ஓரெஸ்ட் தன் பணிமேசையை விட்டு நகரவில்லை. பழைய தண்டைச் சூடாக்கிப் பலகையை உருவினார். புது மட்டை ஒன்றின் பலகையை அறுத்து எறிந்து, அந்தத் தண்டுக்குள் பழைய பலகையின் முளையைச் செருகிப் பசை வைத்தார். விளிம்பில் தெரிந்த வெடிப்பையும் பசையால் மூடினார். டேப்பை மட்டும் சுற்றவில்லை. மட்டைக்குச் சொந்தக்காரன் தவிர வேறு யாரும் டேப் சுற்றக்கூடாது, அது அங்கே எழுதாத சட்டம்.

அன்று மாலை மட்டையை வாங்கிய பெர்வல் பலகையை ஒரு முறை தரையில் ஊன்றினான். பிறகு அவருடைய சட்டைப் பையிலிருந்த டேப் சுருளை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தான்.

வெள்ளிக்கிழமை அவனுக்கு ஏற்றதாக இருந்தது அந்த ஒரு மட்டைதான். அது முறிந்தால் கையில் வைக்கச் சரியான மட்டை இல்லாமல் பெஞ்சுக்குப் பின்னால் நின்றது ஓரெஸ்ட்டுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. முதல் பகுதியில் பெர்வல் அனுப்பிய பாஸ் பனியை வழித்துக்கொண்டு போய் ஒருவன் மட்டையில் உட்கார்ந்தது, கோல். இரண்டாம் பகுதியில் இன்னொன்று. மேலிடத்து ஆள் குறிப்பேட்டில் ஏதோ கிறுக்கினார். மூன்றாம் பகுதியில் எதிராளி ஒருவன் ஓங்கி அடிக்க, பலகையின் நுனி பிளந்தது. பெர்வல் பெஞ்சை நோக்கி வந்து, பழக்க தோஷத்தில், திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டினான். ஓரெஸ்ட் வேறு வழியில்லாமல் பெர்வல் வளைவை அந்தக் கையில் வைத்தார். மிச்சமிருந்த ஒன்பது நிமிடமும் அவன் பாஸ் எதுவும் கொடுக்கவில்லை. எதிராளிகளின் வழியில் குறுக்கே நின்றே ஆட்டத்தை முடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மேலிடத்திலிருந்து அழைப்பு வந்தது. பெர்வல் கிளம்பும்போது பிளந்த அந்தப் பலகையை மட்டும் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டான். ஓரெஸ்ட் பேருந்து மறையும்வரை நின்றார்.

ஏப்ரலில் ஒரு பெட்டி வந்தது. பெரிய அணிக்குப் போக வேண்டிய பன்னிரண்டு மட்டைகள், முதலில் கார்வி லேக்குக்கு. கூடவே பெர்வல் கையால் எழுதிய ஒரு சீட்டு இருந்தது. ‘அந்தப் பலகையையே அளவெடுக்கச் சொல்லிவிட்டேன். லாரிமருடையதைவிட இதுதான் எனக்குச் சரி. புது வளைவுக்கு ஒரு பெயர் கேட்டார்கள். என் பெயரில் ஏற்கெனவே வேறொன்று இருக்கிறது. நீங்கள் பார்த்து அனுப்பினால்தான் தொடுவேன்.’

ஓரெஸ்ட் பெட்டியின்மேல் தொழிற்சாலை ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார். ஆட்டக்காரர்: பெர்வல். வளைவு: கோஸ்டிரா. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு அழுதார்.

அழுது முடித்ததும் வேலையைப் பார்த்தார். அச்சு வெட்டி, பன்னிரண்டையும் விளக்கில் தூக்கிப் பார்த்ததில் இரண்டில் வெளிச்சம் கசிந்தது. லேஸ்யா அவருக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்தபோது அந்த இரண்டும் தனியாகக் கிடந்தன.

“உன் பேர் போட்டு வந்ததையா திருப்பி அனுப்புற?”

“சரியில்லையே.”

“அப்ப எனக்குக் குடு. ஒரு கம்பு கொறையுது.”

“உனக்கு அந்தப் பெர்வல் மட்டை பத்து சும்மா கெடக்கு. கொடி ஏற அந்த வளைவுதான் சரி.”

திருப்பி அனுப்பும் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஆட்டக்காரர் கட்டத்தில் பெர்வல் என்று எழுதினார். அடுத்த கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. லேஸ்யா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“இந்தத் தடவையாவது சரியா எழுது,” என்றாள்.

அவர் எழுத்துக் கூட்டி, மெதுவாக, தன் பெயரை எழுதினார்.